தகவமைத்துக்கொண்டது யார்?

1774ஆம் ஆண்டு லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர், அடுப்பு மூட்டிச் சூடேற்றிய ஓர் அறைக்குள் நுழைந்தார். உள்ளே வெப்பநிலை ஏறத்தாழ 127 டிகிரி செல்சியஸ். தண்ணீர் கொதிப்பதற்கு வேண்டிய சூட்டையும் தாண்டியது. சில முட்டைகளும் ஒரு துண்டு மாட்டிறைச்சியும் அதே அறையில் வைக்கப்பட்டன. முட்டைகள் இருபது நிமிடத்தில் கெட்டியாக வெந்தன. இறைச்சி முக்கால் மணி நேரத்தில் வேண்டிய அளவுக்கு மேலேயே வெந்து காய்ந்துவிட்டது. பிளாக்டன் எட்டு நிமிடம் உள்ளே இருந்துவிட்டுத் தன் காலால் நடந்து வெளியே வந்தார். பாதம் பொசுங்காதபடி கூடைக்குள் உட்காரவைத்து ஒரு நாயையும் சூடான அறைக்குள் அரைமணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். அதுவும் வாலை ஆட்டும் நிலையில்தான் வெளியே வந்தது.

இறைச்சியும் தசை, மனிதனும் தசை. ஒன்று வெந்தது, மற்றது வேகவில்லை. உயிருள்ள தசை அந்த நேரம் முழுவதும் செலவு செய்துகொண்டிருந்தது என்பதுதான் வித்தியாசம். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைத் தோலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். நாய்க்கு உடல் முழுவதும் அப்படி வியர்க்காது; அது மூச்சிரைத்து நாக்கிலிருந்தும் மூச்சுப் பாதையிலிருந்தும் நீரை ஆவியாக்கியது. அறை உலர்ந்திருந்ததால் இந்தத் தந்திரம் பலித்தது. அதே சூட்டில் காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழிந்திருக்குமே தவிர ஆவியாகியிருக்காது. எட்டு நிமிடம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வெளியே எது மாறினாலும் உள்ளே ஒரு நிலையைக் காப்பாற்றுவதே சுதந்திரமான வாழ்வுக்கு அடிப்படை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு உடலியலாளர் குளோட் பெர்னார் சொன்னார். அந்த உள்நிலையை அவர் அகச்சூழல் என்ற பொருளில் குறிப்பிட்டார். 1920களில் அமெரிக்கரான வால்டர் கேனன் அந்தக் காப்பாற்றும் வேலைக்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார். தமிழில் உடல் சமநிலை என்கிறோம். சமநிலை என்றதும் தராசு அசையாமல் நிற்பதுபோல் மனத்தில் ஒரு படம் எழுகிறது. உண்மையில் அது ஓட்டைப் படகில் நீரை இறைத்துக்கொண்டே போவதைப் போன்றது. படகு மிதக்கிறது, இறைப்பவன் கை ஓயவில்லை.

இங்கே பாடப்புத்தகங்கள் மீது எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. ‘ஒட்டகம் பாலைவனச் சூழலுக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது’ என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். தகவு, அமைப்பு என்ற இரண்டு நல்ல சொற்களைச் சேர்த்து உண்டாக்கிய ‘தகவமைப்பு’ அழகான சொல்தான். வில்லங்கம் அதன் வாலில் இருக்கிறது. ‘கொள்’ என்ற துணைவினை, செய்தவனே தனக்காகச் செய்தான் என்று பொருள்படுத்திவிடுகிறது. படித்துக்கொண்டான், வாங்கிக்கொண்டான், தகவமைத்துக்கொண்டது. ஏதோ ஓர் ஒட்டகம் மணலைப் பார்த்துவிட்டு, சரி, நாம் மாறித்தான் ஆகவேண்டும் என்று முடிவெடுத்ததைப் போல.

ஓர் உடல் சூழலுக்குக் கொடுக்கும் மறுமொழிகள் ஒரே வேகத்தில் நடப்பவையல்ல. நான்கு கடிகாரங்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். வியர்ப்பதும் நடுங்குவதும் சில நொடிகளில், நிமிடங்களில் நடப்பவை. மலையேறியவரின் இரத்தம் மாறுவதற்குச் சில வாரங்கள் வேண்டும். முட்டைக்குள் இருக்கும்போது பட்ட சூடு, வாழ்நாள் முழுவதற்குமான முடிவாகிவிடுவதும் உண்டு. ஒட்டகத்தின் சிறுநீரகம் உருவாக எண்ணற்ற தலைமுறைகள் கழிந்தன. முதல் இரண்டிலும் ‘கொள்’ பொருந்தும். அந்த உடலே அதைச் செய்கிறது. மூன்றாவதில் பாதி பொருந்தும். நான்காவதில் பொருந்தவே பொருந்தாது. அங்கே எந்த உடலும் எதையும் செய்துகொள்ளவில்லை. பொருந்தாதவை குட்டி போடாமல் போய்விட்டன, அவ்வளவுதான்.

ஒட்டகத்தையே எடுத்துக்கொள்வோம், அதன் பெயரைக் கெடுத்த கட்டுக்கதையோடு. திமிலில் தண்ணீர் இல்லை, இருப்பது கொழுப்பு. கொழுப்பை எரித்தால் நீர் கிடைக்குமே என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்பவர்கள் உண்டு. கிடைக்கும், ஆனால் எரிக்க ஆக்சிஜன் வேண்டும், ஆக்சிஜனுக்கு மூச்சு விடவேண்டும், வறண்ட காற்றில் விடும் ஒவ்வொரு மூச்சோடும் நீர் வெளியேறும். கணக்கில் லாபம் நிற்பதில்லை. 1950களின் முற்பாதியில் உடலியலாளர் கினுட் ஷ்மிட்-நீல்சன், அல்ஜீரியப் பகுதிச் சகாராவில் ஒட்டகங்களோடு மாதக்கணக்கில் தங்கி அளந்து பார்த்தார். அவர் கண்டது திமிலைவிடச் சுவையானது.

தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் ஒட்டகத்தின் உடல் வெப்பநிலை ஒரு நாளில் இரண்டு டிகிரி அளவே ஏறி இறங்குகிறது. தண்ணீர் கொடுக்காமல் விட்டால் அதிகாலையில் 34 டிகிரி, பிற்பகலில் 40 டிகிரிக்கும் மேல் என்று ஆடுகிறது. நமக்கு 40 டிகிரி என்றால் கடுங்காய்ச்சல். ஒட்டகத்துக்கு அது சிக்கனம். பகல் சூட்டை வியர்வையால் விரட்டாமல் உடலிலேயே தேக்கிவைத்து, இரவின் குளிர்ந்த காற்றிடம் இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. 500 கிலோ எடையுள்ள ஒட்டகம் ஆறு டிகிரி சூடாவதை அனுமதிப்பதால் மட்டும் ஒரு நாளைக்கு நான்கைந்து லிட்டர் நீர் மிச்சமாகிறது. உடல் சூடாக இருக்கும்போது வெளிக்காற்றுக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாடு குறைவதால் உள்ளே பாயும் வெப்பமும் குறைகிறது. உள்நிலையை விடாப்பிடியாகக் காப்பதுதான் உயர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது ஒரு சிறிய அடி. எதை, எப்போது, எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது.

விட்டுக்கொடுக்காத இடமும் உண்டு. உடல் எடையில் கால் பங்கு அளவுக்கு நீரை இழந்தும் ஒட்டகம் நடமாடும். ஆனால் அந்த இழப்பில் இரத்தத்தின் பங்கு மிகக் குறைவு. நம் உடலில் நீர் குறைந்தால் இரத்தம் கெட்டியாகி, இதயத்தால் அதைத் தள்ள முடியாமல், உள்வெப்பம் திடீரென்று எகிறி உயிர் போகிறது. ஒட்டகமோ திசுக்களிலிருந்து நீரை எடுத்து இரத்தத்தை ஓடவிடுகிறது. பிறகு தண்ணீர் கிடைத்ததும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 100 லிட்டர்வரை குடித்துவிடும். வேறு விலங்காக இருந்தால் இரத்தம் திடீரென்று நீர்த்து, சிவப்பணுக்கள் ஊதி வெடித்திருக்கும். ஒட்டகத்தின் சிவப்பணுக்கள் நீள்வட்ட வடிவமானவை. இரண்டு மடங்குக்கும் மேல் ஊதினாலும் உடைவதில்லை.

இந்தப் பத்திகளில் எது ‘கொள்’, எது இல்லை? இன்று தண்ணீர் இல்லை என்பதால் இன்று வெப்பத்தைத் தேக்கிக்கொண்டது ஒட்டகம். அது அந்த உடலின் செயல். அப்படித் தேக்க முடிகிற உடலோடு பிறந்தது அதன் செயலன்று.

சகாராவிலேயே ஒட்டகத்தை வெட்கப்படுத்தும் ஓர் எறும்பு இருக்கிறது. வெள்ளி எறும்பு என்று அழைக்கப்படும் அது, நண்பகலில், அதைத் தின்னும் பல்லிகள்கூட வெயில் தாங்காமல் பதுங்கிய பிறகு, சில நிமிடங்களுக்கு மட்டும் வெளியே வருகிறது. வெயிலில் சுருண்டு செத்த பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு கூட்டுக்கு ஓடிவிடுகிறது. அதன் உடல் 50 டிகிரியைத் தாண்டும். 53 டிகிரி வாக்கில் உயிர் போய்விடும். உடலின் மேல் முக்கோண வெட்டுத் தோற்றமுள்ள மயிர்கள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. ஆனால் எனக்கு அதிகம் பிடித்த விஷயம் அதன் உயிரணுக்களுக்குள் நடக்கிறது.

அதைச் சொல்ல 1962க்குப் போகவேண்டும். இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற இளம் ஆய்வாளர் பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் யாரோ வளர்ப்புப் பெட்டியின் வெப்பநிலையைக் கூட்டி வைத்துவிட்டார்கள். குரோமோசோம்களில் அதுவரை இல்லாத இடங்களில் புடைப்புகள் தோன்றின. அங்கெல்லாம் மரபணுக்கள் திடீரென்று வேலைசெய்யத் தொடங்கியிருந்தன. இப்படிக் கிடைத்ததுதான் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் பற்றிய முதல் துப்பு. சூட்டில் மற்ற புரதங்கள் முறுக்கு அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் (பிளாக்டனின் முட்டைக்கு நடந்தது அதுதான்). வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் அவற்றைத் தாங்கிப்பிடித்து மறுபடி மடித்து வைக்கின்றன. பாக்டீரியா முதல் மனிதர்வரை ஏறக்குறைய எல்லா உயிர்களிடமும் இவை இருக்கின்றன. பொதுவாகச் சூடு பட்ட பிறகே இவை பெருகும். வெள்ளி எறும்புக்கோ அதற்கு நேரமில்லை. வெளியே வந்து சூடு பட்டு, புரதம் தயாராவதற்குள் கதை முடிந்துவிடும். அதனால் கூட்டைவிட்டு வெளியேறும் முன்பே அவற்றைத் தயாரித்து வைத்திருக்கிறது.

நேர் எதிர்த் துருவத்துக்குப் போனால், அங்கே இந்த ஏற்பாட்டையே தொலைத்துவிட்ட மீன்கள் உண்டு. அன்டார்டிக் கடல்நீர் உப்பின் காரணமாக மைனஸ் 1.9 டிகிரி வாக்கில்தான் உறையும். சாதாரண மீனின் இரத்தம் அதற்கு முன்பே உறைந்துவிடும். அங்குள்ள நோட்டோதீனிய மீன்களின் இரத்தத்தில் உறைவைத் தடுக்கும் சர்க்கரை இணைந்த புரதங்கள் இருப்பதை 1960களில் ஆர்தர் டிவ்ரிஸ் கண்டுபிடித்தார். பனிப்படிகம் துளிர்க்கும்போதே அதன்மேல் ஒட்டிக்கொண்டு வளரவிடாமல் செய்வது அவற்றின் வேலை. அதே கூட்டத்தின் உறவினரான வெண்குருதி மீன்களுக்குச் சிவப்பணுவே இல்லை, ஹீமோகுளோபினும் இல்லை. இரத்தம் தண்ணீர்போல் இருக்கும். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பதால் பெரிய இதயத்தையும் ஏராளமான இரத்தத்தையும் வைத்து அவை சமாளிக்கின்றன.

லட்சக்கணக்கான ஆண்டுகள் வெப்பநிலை ஏறக்குறைய மாறாத நீரில் வாழ்ந்தால், மாற்றத்தைச் சமாளிக்கும் கருவிகள் துருப்பிடித்துவிடுகின்றன. அன்டார்டிக் மீன்கள் சிலவற்றில் சூடேற்றினாலும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் கூடுவதில்லை. 1967இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, ஆறு டிகிரி வாக்கிலேயே அவற்றில் சில இறந்துவிடுகின்றன. ஆறு டிகிரி வெப்பத்தில் வெந்து சாகும் மீன்! தேவையில்லாததை இயற்கைத் தேர்வு காப்பாற்றி வைப்பதில்லை. நாளைக்கு வேண்டியிருக்குமே என்று யோசிக்க அங்கே யாரும் இல்லை.

வாரக்கணக்கில் நடக்கும் பழகுதலுக்கு வருவோம். குளிர்ந்த ஊரிலிருந்து வெப்பமான இடத்துக்குப் போன ஒருவர் முதல் சில நாட்கள் தவித்துவிட்டு, இரண்டு வாரத்தில் பழகிவிட்டது என்கிறார். அது மனப்பழக்கம் மட்டுமன்று. இரத்த நீரின் அளவு கூடுகிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது. அதில் உப்பு குறைகிறது. திரும்பிப் போய்ச் சில வாரங்கள் இருந்தால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

உயரம் இன்னும் சிக்கலானது. மலைமேல் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததும் மூச்சு வேகமாகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. சில மணி நேரத்தில் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜை அதற்குப் பணிந்து வாரக்கணக்கில் அதிகச் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று உயிரணுவுக்கு எப்படித் தெரியும்? அதற்கு விடை கண்டதற்காகத்தான் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா மூவருக்கும் 2019ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உயிரணு ஒரு புரதத்தை ஓயாமல் தயாரிக்கிறது. தயாரித்த கையோடு ஓயாமல் அழிக்கிறது. அழிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் அழிப்பு நின்றுபோகிறது, புரதம் சேர்கிறது, சேர்ந்த புரதம் எரித்ரோபொயட்டின் உட்படப் பல மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. கேட்பதற்கு வீண்செலவுபோல் தோன்றும். ஆனால் தேவை வந்த பிறகு தயாரிக்கத் தொடங்குவதைவிட, அழிப்பதை நிறுத்துவது மிக விரைவான வழி.

அதிகச் சிவப்பணு என்றால் அதிக ஆக்சிஜன், எனவே நன்மை என்றுதான் தோன்றும். இங்கேதான் பொறி இருக்கிறது. சிவப்பணு கூடக்கூட இரத்தம் கெட்டியாகிறது. இதயத்தின் சுமை கூடுகிறது. மலைவாசிகளிடம் இது எல்லை மீறும்போது நோயாகிவிடுவதை 1920களில் பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே விவரித்தார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உயரத்தில் வாழும் மக்களின் இரத்தம் இந்த மறுமொழியை இன்னும் வலுவாகக் காட்டும் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஆண்டிஸ் மலைவாசிகளிடம் ஹீமோகுளோபின் உயர்ந்தே இருக்கிறது. திபெத்தியர்களிடமோ நேர்மாறு: 4,000 மீட்டரிலும் அவர்களில் பலரின் ஹீமோகுளோபின் அளவு, சமவெளியில் வாழ்பவருடையதை ஒத்திருக்கிறது. 2010இல் வெளியான மரபணு ஆய்வுகள் ஈபாஸ்1 என்ற மரபணுவின் ஒரு வடிவம் அவர்களிடம் பரவலாக இருப்பதைக் காட்டின. மேலே சொன்ன ஆக்சிஜன் உணர்வு ஏற்பாட்டில் ஒரு பகுதிதான் அந்த மரபணு. அந்த வடிவம் எச்சரிக்கை மணியைச் சத்தமாக அடிக்கவிடுவதில்லை.

எனவே, தனியுடலின் பழகுதலே தலைமுறைதோறும் சேர்ந்து சேர்ந்து இனத்தின் தகவமைப்பாகிறது என்ற எண்ணம் இங்கே உடைந்துவிடுகிறது. தனியுடல் செய்வது அவசரகால ஏற்பாடு. இனத்தின் தகவமைப்பு சில நேரங்களில் அந்த அவசரத்தை அடக்கும் திசையில் போகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதில் எனக்கிருக்கும் எரிச்சலுக்கு இதுதான் முக்கியக் காரணம்.

இமயத்தைக் கடந்து வலசை போகும் வரித்தலை வாத்து மூன்றாவது வழி ஒன்றைக் காட்டுகிறது. அதன் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றும் வகையில் சிறிது மாறியிருக்கிறது. பறக்கும் தசைகளில் நுண்குழாய்கள் அடர்ந்திருக்கின்றன. எவரெஸ்டுக்கு மேலே பறக்கும் பறவை என்று இதைப் பற்றிப் பரவிய கதைகளை நம்பவேண்டாம். கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது பதிவான அதிக உயரம் 7,290 மீட்டர். பெரும்பாலும் அது நில அமைப்பை ஒட்டி ஏறி இறங்கி, காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் இரவிலும் அதிகாலையிலும் பறக்கிறது. உயரத்தைச் சாதனைக்காக அது விரும்புவதில்லை, கட்டாயம் வந்தால் ஏறுகிறது. எனக்கென்னவோ உண்மை கதையைவிட நன்றாக இருக்கிறது.

குளிரில் உயிர்வாழ இரண்டு வழிகள்: சூட்டை உண்டாக்கு, அல்லது சூட்டைக் கைவிடு. முதல் வழிக்குத் துருவ நரி. அதன் குளிர்கால உரோமத்தின் தயவில் மைனஸ் 40 டிகிரிவரை நடுங்கக்கூடத் தொடங்காது. பனியில் ஊன்றிய பாதம் மட்டும் குளிர்ந்தே இருக்கும்; காலுக்குள் இறங்கும் சூடான இரத்தமும் ஏறும் குளிர்ந்த இரத்தமும் அருகருகே ஓடி வழியிலேயே வெப்பத்தைக் கைமாற்றிக்கொள்வதால் உடலின் சூடு பாதம் வழியாகக் கசிவதில்லை.

கைவிடும் வழியில் உச்சம் ஆர்க்டிக் தரை அணில். அது ஆண்டில் ஏழெட்டு மாதம் வளைக்குள் கிடக்கும். அப்போது அதன் உடல் வெப்பநிலை மைனஸ் 2.9 டிகிரிவரை இறங்குவதை அலாஸ்காவில் பிரையன் பார்ன்ஸ் பதிவு செய்து 1989இல் வெளியிட்டார். உறைநிலைக்குக் கீழே போயும் இரத்தம் உறையாமல் திரவமாகவே நிற்கிறது. ஆனால் அது தொடர்ச்சியாகக் கிடப்பதில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பழுப்புக் கொழுப்பை எரித்து, உடலை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஒருநாள் வாக்கில் அப்படியே இருந்துவிட்டு மறுபடி குளிர்கிறது. குளிர்காலச் சேமிப்பின் பெரும்பகுதி இந்த விழிப்புகளுக்கே செலவாகிறது. ஏன் இந்த ஊதாரித்தனம்? தரை அணில்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தவர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள்: உடல் சூடானதும் அவை ஆழ்ந்து தூங்கின. குளிர்கால உறக்கம் என்று நாம் சொல்வது உறக்கமே அன்று. அந்தக் குளிரில் மூளைக்குத் தூங்கக்கூட முடியாது; தூங்குவதற்காக எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

வட அமெரிக்கக் காட்டுத் தவளை இன்னும் ஒரு படி கீழே போகிறது. அது உறைந்தேவிடும். தோலில் பனிப்படிகம் தொட்டதும் ஈரல் தன் சேமிப்பையெல்லாம் குளுக்கோஸாக மாற்றி இரத்தத்தில் கொட்டுகிறது. உயிரணுக்களுக்குள் சர்க்கரைப் பாகு நிறைய, வெளியே உள்ள நீர் உறைகிறது. உடல் நீரில் மூன்றில் இரண்டு பங்கு அளவு பனியாகிறது. மூச்சில்லை, இதயத் துடிப்பில்லை. கீழே போட்டால் கல்போல் விழும். வசந்தத்தில் உருகும்போது இதயம் மறுபடி துடிக்கத் தொடங்குகிறது. இறப்பு என்பதற்கு நாம் வைத்திருக்கும் வரையறைகளில் பாதியை இந்தத் தவளை ஆண்டுதோறும் மீறுகிறது.

எலும்பே சுருங்கும் விலங்குகளும் உண்டு என்று தெரிந்தபோது நான் முதலில் நம்பவில்லை. எல் நினோ ஆண்டுகளில் கடல் சூடாகி, கலாபகோஸ் தீவுகளின் கடல் இகுவானாக்கள் என்ற பெரிய பல்லிகள் தின்னும் பாசி அழிந்துபோகிறது. அப்போது அவற்றின் உடல் நீளம் 20 விழுக்காடுவரை குறைந்ததை 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. அளவுகோலின் பிழை என்று தள்ளிவிட முடியாத அளவு அது; மெலிவது வேறு, குட்டையாவது வேறு. அதிகம் சுருங்கியவை அதிக நாள் பிழைத்தன. உணவு திரும்பியதும் மறுபடி வளர்ந்தன. ஐரோப்பாவின் மூஞ்சூறு வகை ஒன்று குளிர்காலத்தில் மண்டையோட்டையும் மூளையையும்கூடச் சுருக்கிக்கொள்கிறது. உணவு கிடைக்காத காலத்தில் பெரிய மூளை ஆடம்பரம் என்பது அதன் கணக்கு.

இதுவரை சொன்னவற்றில் உடல் நேரடியாக உணரும் சூடு, பசி, மூச்சுத்திணறல் ஆகியவையே தூண்டுதல்கள். பல விலங்குகள் நேரடி அடையாளத்தை நம்பாமல் முன்னறிவிப்பை நம்புகின்றன. வட அமெரிக்கப் பனிமுயல் இலையுதிர் காலத்தில் பழுப்பு உரோமத்தை உதிர்த்து வெள்ளையாகிறது. பனியைப் பார்த்து மாறுவதில்லை. பார்த்த பிறகு மாறத் தொடங்கினால் வாரக்கணக்கில் தாமதமாகிவிடும். பகல் பொழுது குறுகுவதைக் கண் உணர்ந்து, மூளை ஹார்மோன்கள் வழியாகத் தோலுக்குச் சொல்கிறது. பகலின் நீளம் ஏமாற்றாது, ஆண்டுதோறும் ஒரே கணக்கு. பனி விழும் காலமும் அதே கணக்கில் வந்தவரை இது அருமையான ஏற்பாடு. இப்போது பனி தாமதமாக விழுந்து சீக்கிரம் உருகுகிறது. பழுப்பு நிலத்தில் வெள்ளை முயல், விளக்கு ஏற்றி வைத்ததுபோல் எதிரிகளின் கண்ணில் படுகிறது. அப்படிப் பொருந்தாமல் நிற்கும் வாரங்களில் முயல்கள் கூடுதலாகச் சாகின்றன என்று கழுத்தில் கருவி கட்டிக் கண்காணித்தவர்கள் அளந்திருக்கிறார்கள்.

கடலாமைக்கு இந்தச் சிக்கல் முட்டையிலேயே தொடங்குகிறது. அதன் பாலினத்தைக் குரோமோசோம் தீர்மானிப்பதில்லை, மணலின் சூடு தீர்மானிக்கிறது. 29 டிகிரியை ஒட்டிய ஒரு நடுக்கோட்டுக்கு மேலே போனால் பெரும்பாலும் பெண், கீழே போனால் ஆண். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியைச் சேர்ந்த பச்சைக் கடலாமைகளில் இளசுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள் என்று 2018இல் தெரியவந்தது. வயது வந்தவற்றில் அந்தப் பங்கு 87 விழுக்காடு வாக்கில்தான். இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பது சில பத்தாண்டுகளின் வெப்பம். இந்த ஆமைகள் இனப்பெருக்கத்துக்கு வளரவே இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும்.

தலைமுறைக் கடிகாரம் எப்போதுமே மெதுவானது என்றும் சொல்லிவிட முடியாது. கலாபகோஸின் டாஃப்னி மேஜர் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் ஒவ்வொரு ஃபிஞ்ச் பறவையையும் பிடித்து அளந்து வளையமிட்டு வந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. மென்மையான சிறு விதைகள் தீர்ந்து, கடினமான பெரிய விதைகளே மிஞ்சின. நடுத்தரத் தரை ஃபிஞ்சுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு மடிந்தன. பிழைத்தவை பெரும்பாலும் தடித்த அலகு உள்ளவை. அடுத்த தலைமுறையின் சராசரி அலகு சில விழுக்காடு தடித்திருந்தது. ஒரே ஆண்டில் பரிணாமம்! சில ஆண்டுகள் கழித்துப் பெருமழை பெய்து சிறு விதைகள் பெருகியதும் காற்று சிறிய அலகின் பக்கம் திரும்பியது. எந்தப் பறவையின் அலகும் அதன் வாழ்நாளில் தடிக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மாறியது சராசரி. அந்தச் சராசரியை மாற்றியது நூற்றுக்கணக்கான பிணங்கள்.

இது நடப்பதற்கு இரண்டு முன்நிபந்தனைகள் உண்டு: கூட்டத்துக்குள் ஏற்கெனவே வேறுபாடு இருக்கவேண்டும், அடி விழுந்த பிறகும் கூட்டம் மிஞ்சவேண்டும். 2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் வெப்பநிலை 42 டிகிரியைத் தாண்டியபோது, கண்ணாடி அணிந்ததுபோல் முகமுடைய பழந்தின்னி வௌவால்கள் சிறகை விசிறின, மூச்சிரைத்தன, எச்சிலைச் சிறகில் பூசின. முதல் கடிகாரத்தின் எல்லாக் கருவிகளையும் பயன்படுத்தி முடித்து, இரண்டே நாளில் சுமார் 23,000 வௌவால்கள் மரத்திலிருந்து உதிர்ந்தன. அந்த நாட்டில் இருந்த அந்த இனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆண்டுக்கு ஒரே குட்டி போடும் விலங்கு அது.

பனிமுயலுக்கு ஒருவேளை அதிர்ஷ்டம் இருக்கலாம். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம், பனி அவ்வளவாக நிலைக்காத பகுதிகளில், குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கும் பனிமுயல்கள் உண்டு. நிறத்தைக் கட்டுப்படுத்தும் அகூட்டி என்ற ஒரு மரபணுவின் வேறு வடிவம்தான் காரணம் என்று 2018இல் கண்டறிந்தார்கள். அந்த வடிவம் பனிமுயலினுடையதே அன்று. கருவால் முயல் என்ற உறவினத்தோடு எப்போதோ நடந்த கலப்பில் வந்து சேர்ந்தது. வெள்ளை முயலும் பழுப்பு முயலும் சேர்ந்து வாழும் எல்லைப் பகுதிகள் இன்று அங்கே இருக்கின்றன. இரண்டும் ஒரே சூரியனைப் பார்க்கின்றன, பகல் குறுகுவதை ஒரே நாளில் உணர்கின்றன, ஒரே வாரத்தில் உரோமத்தை உதிர்க்கின்றன. ஒன்றுக்கு வெள்ளையாக முளைக்கிறது. மற்றதற்குப் பழையபடி பழுப்பாகவே முளைக்கிறது.